மூக்குத்தி எந்தப் பக்கம்?

தெருவில் அவருக்கு அகராதி என்று பெயர். அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொல்லிக்கொள்வார். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற ஆளையும் அகராதி பிடித்தவன் என்றுதான் சொல்வார்கள். அத்தனை சொல்லுக்கும் பொருள் எழுதுகிறவருக்கு இந்த ஒரு பொருள் மட்டும் தெரியாமலா போகும்? தெரியும். காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவருக்கு ஒதுக்கிய பகுதி உடையும் அணிகலனும். தலையில் வைப்பதிலிருந்து காலில் மாட்டுவதுவரை, மனிதன் தன் மேலே போட்டுக்கொள்ளும் எதற்கும் அவர் பேனா படாமல் புத்தகத்தில் இடம் கிடையாது. மாடியில் ஜன்னலோரம் மேசை. அதைச் சுற்றி இரும்பு அலமாரிகள், அவற்றில் சொல்லுக்கொன்றாக அட்டைகள். மின்விசிறியைப் போட்டால் அட்டை பறக்கும் என்று கோடையிலும் போட மாட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பக்கத்து மேசைக்காரரிடம் "துண்டுன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று ஆரம்பிப்பார். துணி, துண்டு எல்லாம் வெட்டுவதிலிருந்து வந்த சொற்கள் என்று அவர் முடிப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் தேநீர் குடிக்கக் கீழே இறங்கியிருப்பார்.

ஒரு தடவை மகளுக்குக் கம்மல் வாங்கப் போன நகைக்கடையில், விலையைக் கேட்பதை விட்டுவிட்டு, "தோடுன்னா பனையோலைன்னு ஒரு அர்த்தம் இருக்கு தெரியுமா? ஓலையைச் சுருட்டிக் காதுல சொருகிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் தங்கம் வந்துச்சு, பேரு மட்டும் ஓலையாவே நின்னுடுச்சு" என்று பாடம் எடுத்தார். கடைக்காரர் கம்மலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, "ஓலையே வாங்கிக்கங்க சார், மலிவா முடியும்" என்றார். கூட நின்ற மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்த மனைவிக்காகத்தான் இந்தக் கதை. வீட்டின் முன் அறையில் தையல் மிஷின் போட்டு, ஆயத்த ஆடைக் கடை ஒன்றுக்குச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள் அவள். சட்டையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தப் பொத்தான் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில், அவள் காஜா எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அகராதி, "காஜாங்கிறது நம்ம சொல்லு இல்ல, போர்ச்சுகீசியச் சொல்லு. அவங்க மொழியில காஸான்னா வீடு. பொத்தான் குடியிருக்கிற வீடு" என்றார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்போ நான் காலையிலேருந்து வீடாக் கட்டித் தள்ளுறேன்னு சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு அவர் அவளை ஏறெடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அப்படி எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று கேட்டால், கஷ்டம்தான்.

அகராதியில் அணிகலன்களுக்குப் படம் போடுவது என்று அலுவலகத்தில் முடிவான போது, வரைவதற்கு உட்கார ஆள் கிடைக்கவில்லை. அகராதி மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார வைத்தார். கரை வைத்த புடவை, காதில் கல் தோடு, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. ஓவியர் மத்தியானம் முழுக்க வரைந்தார். புத்தகம் வந்ததும் அகராதி முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூக்குத்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெருமையாகக் காட்டினார். அவள் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, திருப்பிப் போட்டுட்டாங்க. எனக்கு இடது பக்கம்ல இருக்கு. இதுல வலது பக்கம் இருக்கு."

"அச்சுக்குப் பிலிம் எடுக்கிறப்ப புரட்டி வெச்சிருப்பாங்க. இப்ப என்ன, யாரு பார்க்கப் போறா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினுக்குப் போய்விட்டாள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் அவர் மேசைக்கு நேரே மாட்டினார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பக்கத்தை அவர்தான் மெய்ப்புப் பார்த்தார். பகலெல்லாம் படத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் புத்தகத்தைப் பார்த்தார். வருஷங்கள் இப்படி ஓடின. மகள் கல்யாணமாகி, வீட்டிலிருந்த ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு தூரத்து ஊருக்குப் போனாள்.

மறதி முதலில் சொல்லில்தான் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், "ஏங்க, சட்டையில வட்டமா இருக்குமே, அது..." என்று விரலால் காற்றில் வட்டம் போட்டாள்.

"பொத்தானா? விளையாடுறியா?"

"ஆமா, பொத்தான்" என்று சொல்லிவிட்டுத் தைத்தாள். மறுவாரம் கத்தரிக்கோலுக்குப் பெயர் வரவில்லை. பிறகு ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்தபடி, எதற்கு உட்கார்ந்தோம் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். மருத்துவர் பரிசோதனையெல்லாம் முடித்து, இது திரும்பாது, மெதுவாகத்தான் போகும், கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.  அகராதி வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். மனைவிதான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆனால் மனிதர் லேசில் விடுகிறவரா? சொல் போகிறதென்றால் சொல்லைப் பிடித்து நிறுத்துவேன் என்று கிளம்பினார். வேர் தெரிந்த சொல் மறக்காது என்பது அவருடைய நம்பிக்கை. தினமும் காலையில் அவளை எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுவார். இது மோதிரம், முத்திரையிலிருந்து வந்தது. இது துப்பட்டா, இரண்டு அகலம் துணி என்று பொருள். சொல்லு. அவள் சொல்வாள். தவறினால் மறுபடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வாள். ஒரு நாள் மட்டும் உடைந்துபோய், "எனக்கு அது எங்கேருந்து வந்ததுன்னு வேண்டாங்க. பேரு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். அதையும் அந்த மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல்வரை வந்தாள். அவர் நெஞ்சில் விரலை வைத்தாள்.

"ஏங்க. இங்க... அது..."

"எது? பேரைச் சொல்லு."

அவள் உதடு அசைந்தது. விரல் அதே இடத்தில் நின்றது.

"நேத்துதானே சொன்னே. பொ... பொத்..."

"பொத்தான்."

"அப்படிச் சொல்லு! பார்த்தியா, வருது!" அவருக்கு ஒரே சந்தோஷம். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டார். சொல் வந்துவிட்டது என்ற நினைப்பிலேயே அலுவலகம்வரை போனார். தன் சட்டையைக் குனிந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மிஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "தூங்குறாங்கன்னு நினைச்சு எழுப்பலையேப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். குளியலறை, கொல்லைப்புறம், மொட்டை மாடி, தெருக்கோடி, எங்கும் இல்லை. அகராதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குத் தொலைபேசியில் "அம்மாவைக் காணோம்" என்று சொன்னார்.  மகள் அந்த நிமிஷமே கிளம்புவதாகச் சொன்னாள்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு நல்ல மனுஷர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பெயர், வயது, உயரம் எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா என்ன உடுத்தியிருந்தாங்க?" என்றார்.

அகராதி வாயைத் திறந்தார்.  காலையில் வாசல்வரை வந்தாளே, நெஞ்சில் விரல் வைத்தாளே, அந்த விரல் நினைவில் இருக்கிறது. விரலுக்குப் பின்னால் கை இருந்திருக்கும், கைக்கு மேலே ஏதோ ஒரு துணி இருந்திருக்கும். எதுவும் தெரியவில்லை. பயத்தில் நாக்கு தனக்குப் பழகிய வழியிலேயே ஓடியது.

"புடவை. புடவைதான் கட்டுவா. துணின்னாலே வெட்டுறதுலேருந்து வந்தது, புடவை வந்து பழைய சொல்லு, சேலைன்னும்..."

"சார்." ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு எங்கேருந்து வந்ததுன்னு நான் கேக்கல. அம்மா என்ன கட்டியிருந்தாங்கன்னு கேக்கறேன்."

அந்த இடத்தில் செத்துப்போயிருக்கலாம் போலிருந்தது அவருக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணுக்குள் அவள் முகம் பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொன்னார்: கரை வைத்த புடவை, காதில் கல் தோடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, வலது பக்கம்.

"புடவை என்ன கலரு?"

அங்கேதான் தடுமாறினார். கண்ணுக்குள் வந்த முகத்தில் நிறமே இல்லை. கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. அதற்குக் காரணம் என்ன என்று அவர் அப்போது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். யோசிக்கவில்லை. "பச்சை" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"போட்டோ இருக்கா?"

ஆல்பம் மகளிடம். சுவரில் இருந்த கல்யாணப் படம் ஈரத்தில் பூஞ்சை பூத்து, மணப்பெண்ணின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டிருந்தது. அகராதி அலுவலகத்துக்கு ஓடிக் காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லி, சுவரில் இருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார். ஏட்டு அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வரைஞ்ச படமா?" என்றார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் தேடிய தேடலைச் சொன்னால் மனசு ஆறாது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், சந்தை, பூங்கா, பாலத்தடி என்று ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். போகிற வருகிற பச்சைப் புடவைகளையெல்லாம் முன்னால் ஓடிப் போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றப் போய்விட்டார். வேறு சமயமாக இருந்தால் அதுகூடத் தெருவுக்கே சிரிப்பான கதையாகியிருக்கும். சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, போட்டிருந்த சட்டையை மாற்றவில்லை. யாராவது அவளைப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்ற கவலையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் வலது மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

நடுவில், படம் எதுவும் வராத அவருடைய பழைய கைபேசியில் ஏட்டு கூப்பிட்டார்.

"சார், பெரிய ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவைச் சேர்த்திருக்காங்க. கடைத்தெருவுல விழுந்து கெடந்தாங்களாம், இடுப்புல அடி. பேரு சொல்ல வரல. ஆனா உங்க அடையாளத்தோட ஒத்து வரல. நைட்டி போட்டு மேல ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருக்காங்க. காதுல ஒண்ணும் இல்ல. மூக்குத்தி இருக்கு, ஆனா இடது பக்கம்."

"இல்ல சார், அது அவ இல்ல. என் மனைவிக்கு வலது பக்கம். எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் ஒரு தடவை வந்து பார்த்துடுங்களேன்."

"நான் ஊருக்கு வெளியில பேருந்து டெப்போவுக்குப் போய்க்கிட்டிருக்கேன். பச்சைப் புடவையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்களாம். அதை விட்டுட்டு வர முடியாது."

டெப்போவில் உட்கார்ந்திருந்தது, மகனுக்காகக் காத்திருந்த வேறொரு அம்மா.

மூன்று நாள் ரயில் பயணம் முடித்து மகள் வந்து சேர்ந்தபோது அகராதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரியாமல் முகம் கறுத்திருந்தது, தாடி முளைத்திருந்தது. மகள் அவரை உள்ளே கூட்டிப் போய்க் குளிக்க வைத்து, நாற்றமெடுத்த சட்டையைக் கழற்றி வாளியில் ஊறப்போட்டு, தான் வாங்கி வந்திருந்த புதுச்சட்டையைப் போட்டுவிட்டாள். அவர் சிறு குழந்தைமாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு நடந்ததெல்லாம் கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மூக்குத்தி வலது பக்கம் என்றபோது மகள் நிறுத்தினாள்.

"என்னப்பா சொல்றீங்க? அம்மாவுக்கு இடது பக்கம்."

"வலதும்மா. படத்துல பாரு."

"எந்தப் படம்? அப்பா, அம்மா என்னை இடது இடுப்புலதான் தூக்கிக்குவா. அங்க உட்கார்ந்துக்கிட்டு மூக்குத்தியைத் திருகித் திருகி விளையாடுவேன், 'வலிக்குதுடி'ன்னு கையைத் தட்டி விடுவா. எனக்குத் தெரியாதா?"

"புத்தகத்துல இருக்கு. நான் மெய்ப்புப் பார்த்த பக்கம்" என்றார் அகராதி. பாருங்கள், அப்போதும் வாதாடினார். மகள் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து மடியில் விரித்துப் போட்டாள். பக்கத்துக்குப் பக்கம் அம்மா. எல்லாவற்றிலும் இடது பக்கம். பின்னால் வந்த படங்களில் காதில் தோடே இல்லை.

"தோட்டைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டாளேப்பா. மறதி வந்த புதுசுல. எங்கயாவது தொலைச்சுடுவேன்னு பயந்து. உங்ககிட்ட சொன்னாளாமே?"

சொல்லியிருப்பாள். ஏங்க, திருப்பிப் போட்டுட்டாங்க என்று சொன்னதுகூட அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. யாரு பார்க்கப் போறா என்று தான் சொன்ன பதிலும் கூடவே வந்தது.  "ஐயோ, ஆஸ்பத்திரி" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினார். மகள் பின்னால் ஓடினாள்.

பெண்கள் பிரிவில் சுவரோரக் கட்டிலில் அவள் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கால் அசையாமல் மணல் பை வைத்திருந்தார்கள். வலது கை மட்டும் விரல்கள் வெளுக்கிற அளவுக்கு இறுக மூடியிருந்தது.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா?" என்று நர்ஸ் பொரிந்து தள்ளினாள். "எங்க சார் போயிருந்தீங்க? வந்த அன்னைக்கு நல்லாப் பேசினாங்க. பேரு மட்டும்தான் வரல. வாசல்ல மிஷின் இருக்கும், அவர் வந்துடுவாரு, அவர் வந்துடுவாருன்னு கதவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. நேத்துலேருந்து அதுவும் கொறைஞ்சு போச்சு. புது எடம், தெரிஞ்ச மொகம் ஒண்ணு இல்ல, இந்த வியாதிக்கு அது ஆகாது. மொதல் நாளே வந்திருந்தா உங்களைக் கண்டிப்பா அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

அகராதி கட்டிலுக்கு அருகில் போனார். "இந்தாம்மா" என்றார்.  "நான்தான் வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரிக்குச் சட்டையில்தான் முதல் பார்வை போகும். மேலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்து முடித்துவிட்டு, நர்ஸிடம் திரும்பி, "இவர் இல்லைங்க" என்றாள்.

"அம்மா, நல்லாப் பாரும்மா, அப்பாம்மா" என்று மகள் அழுதாள்.

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. நீலக்கோடு போட்டது. பை ஓரத்துல மைக்கறை இருக்கும், தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், போகல. காலர் இடது பக்கம் கொஞ்சம் நைஞ்சிருக்கும். மேலேருந்து ரெண்டாவது இல்ல. விழுந்துடுச்சு. வாசல்ல சொன்னேன், அவசரமாப் போயிட்டாரு. நெஞ்சைத் தெறந்து போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போனா நல்லாவா இருக்கும்? அதான் வாங்கிக்கிட்டு..."

மூடிய கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் வெள்ளைப் பொத்தான் ஒன்று இருந்தது, வியர்வையில் நனைந்து. இறுக்கிப் பிடித்துப் பிடித்து, அதன் வட்டம் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஊறப்போட்ட வாளியில் கிடக்கும் சட்டை அகராதிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு வாசலில் நெஞ்சில் வைத்த விரல் நினைவு வந்தது. சொல்லு, சொல்லு என்று சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போன தன் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியவில்லை. சட்டென்று இரண்டு கையாலும் தன் புதுச்சட்டையைப் பிடித்து, மேலிருந்து இரண்டாவது பொத்தானை வெடுக்கென்று பிய்த்தார். துணி கிழிந்தது. "பாரு. இல்ல பாரு. நான்தான். விழுந்துடுச்சு, தைச்சுக் குடு."

அவள் பதறிப்போனாள். "அடடா, புதுச்சட்டையைக் கிழிச்சுட்டீங்களே" என்று கிழிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் விரல் பட்டது அதே இடம்தான். பிறகு கையில் இருந்த பொத்தானைப் பார்த்தாள், மறுபடி விரல்களை மூடிக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இதை உங்களுக்குக் குடுக்க முடியாது. இது அவருக்கு வாங்கினது."

மகள் அந்தப் பழைய சட்டையைக் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினாள். அகராதி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த மனிதரை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க கட்டிலில் இருந்தவளுக்கு மனசு வரவில்லையோ என்னவோ, அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுல தைச்சுக் குடுக்க யாரும் இல்லையா?"

"இருக்கா. காணாமப் போயிட்டா. தேடிக்கிட்டிருக்கேன்."

"அடப் பாவமே." நிஜமாகவே வருத்தப்பட்டாள். "என்ன உடுத்தியிருந்தாங்க?"

அகராதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவசரமில்லாமல், தலையிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில குடுத்த பச்சை அங்கி" என்றார். "தோள்கிட்ட நாடா ஒண்ணு அறுந்து முடிச்சுப் போட்டிருக்கு. மேல என்னோட பழைய சட்டை, காலரை அவளே திருப்பித் தைச்சது. கைப்பொத்தான் ரெண்டும் ரெண்டு நிறம். காதுல ஒண்ணும் இல்ல. ஓட்டை தூர்ந்துக்கிட்டு வருது. முடி முன்னால நரைச்சிருக்கு, இவ்வளவு நரைச்சது எனக்குத் தெரியாது. ஆள்காட்டி விரல்ல ஊசி குத்தின தழும்பு நிறைய இருக்கு. மூக்குத்தி ஒத்தைக்கல்லு." தன் இடது மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இடது பக்கம்."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லா அடையாளம் சொல்றீங்க" என்றாள். "பார்த்தா கண்டிப்பாச் சொல்றேன்."

சொல்லிவிட்டு, மூடிய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிக் கதவைப் பார்க்க ஆரம்பித்தாள்.